எண்கள் சரி, ஆனாலும் கூட்டத்தில் யாரும் ஏன் அசைவதில்லை?

உங்கள் கேள்வி: "தரவுகள் எல்லாம் பக்காவாக இருக்கின்றன, ஆனாலும் மேலதிகாரிகள் என் யோசனையை ஏற்பதில்லை, ஏன்?" பெரும்பாலும் குறை தரவில் இருக்காது, அதை எங்கே வைத்தீர்கள் என்பதில் இருக்கும்.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது நுரைத்துண்டு ஒன்று அதன் இறக்கையில் மோதியது. அதைப்பற்றிப் பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்கிற தொனியில் இருந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டு வெறும் 3 கன அங்குலம், மோதியதாக அப்போது மதிப்பிட்டது சுமார் 1,920 கன அங்குலம் என்ற விஷயம் அதே ஸ்லைடின் கடைசி வரியில் கிடந்தது! அந்த மோதலில் ஏற்பட்ட சேதத்தால், பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே விமர்சித்தது.

அதனால் தலைப்பிலேயே முடிவைச் சொல்லுங்கள். "இயந்திர ஆய்வு" என்று போடாமல், "இந்த இயந்திரத்தை மாற்றாவிட்டால் மார்ச்சில் உற்பத்தி நிற்கும்" என்று முழு வாக்கியமாகப் போடுங்கள். உங்கள் திட்டத்தின் பலவீனத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் கண்டுபிடித்தால் அது ஓட்டை, நீங்கள் சொன்னால் நேர்மை.

குரல், கையசைவு எல்லாம் பிறகுதான். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பாதி சரியாகிவிடும். என் அனுபவத்தில், முடிவெடுப்பவரை முந்தைய நாளே தனியாகப் பார்த்து, "உங்களுக்கு இதில் எது உறுத்துகிறது?" என்று கேட்பது எந்த அனிமேஷனையும்விட வேலை செய்கிறது.