பழைய எலெக்ட்ரிக் கார்: விலையைப் பேசும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: மூன்று வருடம் ஓடிய எலெக்ட்ரிக் கார் ஒன்றைப் புது விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறார் டீலர். அதே வயது பெட்ரோல் கார் இவ்வளவு இறங்கவில்லையே, வண்டியில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பல சமயம் வண்டி நன்றாகவே இருக்கும். புது வண்டியின் விலை இறங்கியிருக்கும். 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைத் திடீரென்று வெட்டியது. வீட்டு வாசலில் சும்மா நின்றிருந்த பழைய டெஸ்லாக்களின் மதிப்பும் கூடவே சரிந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் சுமார் 20,000 எலெக்ட்ரிக் கார்களை விற்றுவிடப் போவதாக அறிவித்தது. இப்படி மொத்தமாகச் சந்தைக்கு வரும்போது தனி ஆள் விற்கும் வண்டியும் அதே விலைக்குத்தான் போகும்.

மானியக் கணக்கும் உண்டு. விலைப்பட்டியலில் 100 என்று இருந்த வண்டியை முதல் உரிமையாளர் மானியம் போக 80-க்கு வாங்கியிருந்தால், 50 என்பது பாதிக்குப் பாதி சரிவு ஆகாது. ஆகவே பழைய பட்டியல் விலையை மறந்துவிடுங்கள். அதே மாடல், அல்லது அதற்கு இணையான மாடல், இன்று எல்லாச் சலுகையும் போக என்ன விலைக்குப் புதிதாகக் கிடைக்கிறது என்று விசாரித்து, அதிலிருந்து கீழே வாருங்கள்.

மீதிச் சரிவுக்குக் காரணம் பயம். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாததால், மோசமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எல்லோரும் விலை கேட்கிறார்கள். அளக்கத் தெரிந்தவருக்கு லாபம் இருப்பது இந்த இடத்தில்தான்.

கேள்வி: ஒரு வண்டி 4 வயது, 90,000 கி.மீ. இன்னொன்று 6 வயது, 25,000 கி.மீ. மட்டுமே. விலை ஒன்றுதான். குறைவாக ஓடியதை எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். லித்தியம் பேட்டரி ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் தேயும். ஒரு முழு சார்ஜில் 300 கி.மீ. போகும் வண்டி 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது என்றால் ஏறக்குறைய 300 முழுச் சுற்றுகள். இன்றைய செல்களுக்கு அது பெரிய பாரமே அல்ல. அதைவிட, 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி, வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் செல்கள்தான் பாடுபட்டிருக்கும்.

வாரன்டியையும் பாருங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் முடிகிறதோ அதுவரை, 70 சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் தருகின்றன. அந்தக் கணக்கில் முதல் வண்டிக்கு இன்னும் 4 ஆண்டும் 70,000 கி.மீ.யும் மிச்சம், இரண்டாவதற்கு 2 ஆண்டுதான். அளவீடு சரியாக வந்தால் முதல் வண்டிக்கே எங்கள் ஓட்டு. அது டாக்சியாக ஓடியதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். வணிகப் பயன்பாட்டுக்கு வாரன்டி விதிகள் வேறாக இருக்கலாம். சஸ்பென்ஷன் புஷ்களும் சீட்டுகளும் தேய்ந்திருக்கும்.

கேள்வி: பேட்டரியின் நிலையை டீலர் சொல்லி நம்பாமல் நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று விதமாக அளக்கலாம். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தந்தால் நம்பலாம்.

ஒன்று, ஓபிடி டாங்கிள், அதாவது வண்டியின் கணினியில் உள்ள தகவலைப் படித்துக் காட்டும் சிறு கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் புளூடூத் டாங்கிளைச் செருகி, அந்த மாடலைப் படிக்கக்கூடிய செயலியைத் திறந்தால் பேட்டரியின் ஆரோக்கியம், அதாவது எஸ்ஓஹெச், சதவீதமாக வரும். இந்த எண் வண்டியின் கணினி போடும் மதிப்பீடு, அளவீடு அல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். மேல்பக்கம் ஒதுக்கி வைத்த கொள்ளளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும் வண்டிகளில் சில ஆண்டுகள் வரை 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே அதே திரையில் இன்னொன்றைப் பாருங்கள்: மிக அதிக, மிகக் குறைந்த செல் வோல்டேஜ்களின் வித்தியாசம். பாதி சார்ஜில், வண்டி ஓய்வாக நிற்கும்போது 10 முதல் 20 மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை. 10 சதவீதம் சார்ஜில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அது 100 மில்லிவோல்ட்டைத் தாண்டி விரிந்தால், உள்ளே ஒரு செல் பலவீனம் என்று சந்தேகப்படுங்கள். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், அந்த ஒரு செல் கீழ் எல்லையைத் தொட்டதும் மற்றவற்றில் சார்ஜ் இருந்தும் வண்டி நின்றுவிடும். அதனால்தான், பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் சார்ஜை 10 சதவீதத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் காட்டத்தான் அவர் விரும்புவார்.

இரண்டாவது, சார்ஜ் கணக்கு. மீட்டர் உள்ள ஏசி சார்ஜரில் (ஏர்கண்டிஷனர் அல்ல, வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) 10-லிருந்து 90 சதவீதம் வரை ஏற்றுங்கள். பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு புதிதில் 40 யூனிட் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 32 யூனிட் ஓடியிருக்கிறது. ஏசி சார்ஜிங்கில் சுமார் 10 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். பேட்டரிக்குள் போனது 28.8. ஏறியது 80 சதவீதம் என்பதால் 28.8-ஐ 0.8-ஆல் வகுத்தால் 36. நாற்பதில் 36, அதாவது 90 சதவீதம். இழப்பு சார்ஜருக்குச் சார்ஜர் மாறும் என்பதால் முன்பின் 3 சதவீதம் தள்ளிப் பாருங்கள். விளம்பரத்தில் போடும் மொத்தக் கொள்ளளவை இங்கே போட்டுவிடக் கூடாது. நல்ல பேட்டரியும் நோயாளியாகத் தெரியும்.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பது. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 90-லிருந்து 45 சதவீதம் வரை ஓட்டுங்கள். செலவு 16 யூனிட் என்று காட்டினால், 16-ஐ 0.45-ஆல் வகுக்க 35.6. மேலே வந்த 36-க்குப் பக்கத்தில் இருக்கிறது, சரி. குளிர்காலத்தில் அளந்தால் எண் கொஞ்சம் குறையும், அதற்காகப் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: முழு சார்ஜில் டாஷ்போர்டு 380 கி.மீ. காட்டுகிறது. இது போதாதா?

போதாது. கடைசியாக எப்படி ஓட்டினார்களோ அதை வைத்துச் சொல்லும் ஆரூடம் அது. ஏசியை அணைத்துவிட்டு இரண்டு நாள் மெதுவாக ஓட்டினால் யாரும் அந்த எண்ணை ஏற்றிவிடலாம்.

கேள்வி: ஒரே மாடலில் ஒன்று 92 சதவீதம், இன்னொன்று 82. விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்பது?

சதவீதத்தைக் கிலோமீட்டராக மாற்றுங்கள். புதிதில் 400 கி.மீ. போன வண்டி என்றால் ஒன்று 368, மற்றது 328. நாற்பது கிலோமீட்டர் வித்தியாசம். தினமும் 60 கி.மீ. ஓட்டி இரவில் வீட்டிலேயே சார்ஜ் போடுபவருக்கு அந்த 40 ஒரு பொருட்டே அல்ல. 82-ஐ மலிவாக வாங்கி மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவருக்கு, ஒரு பயணத்தில் ஒரு நிறுத்தம் கூடுமா என்பதே கேள்வி. கூடும் என்றால் 92-க்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

சிக்கலான இடம் 70-க்குப் பக்கம். "72-தான் இருக்கிறது, வாரன்டி முடிவதற்குள் 70-க்குக் கீழே போய்விடும், புதுப் பேட்டரி இலவசம்" என்று ஆசை காட்டுவார்கள். வாரன்டி வாசகத்தைப் படியுங்கள். கெட்டுப்போன மாட்யூலை (செல்களின் ஒரு தொகுதியை) மட்டும் மாற்றியோ, பழுதுபார்த்த பேக்கை, அதாவது முழுப் பேட்டரிப் பெட்டியைப் போட்டோ, கொள்ளளவை எல்லைக்கு மேலே கொண்டுவந்தால் போதும் என்றுதான் பல நிறுவனங்கள் எழுதியிருக்கின்றன. இலவசப் பேட்டரியை எண்ணி ஒரு பைசாவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி வண்டியா, என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வண்டியா?

நீண்ட நாள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் எல்எஃப்பி. சுற்றுகளைக் கூடுதலாகத் தாங்கும். எடைக்குத் தகுந்த கொள்ளளவு குறைவு, கடுங்குளிரில் சார்ஜ் ஏறுவது மந்தம். ஆனால் இதைச் சோதிப்பது கஷ்டம். நடுப்பகுதி சார்ஜில் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே கோடாக ஓடுவதால் பலவீனமான செல் ஒளிந்துகொள்ளும். 10 சதவீதத்துக்குக் கீழேயும் 100-க்கு அருகிலும்தான் வெளியே தெரியும். முந்தைய உரிமையாளர் வெகுநாள் 100 வரை ஏற்றாமல் இருந்தால் சதவீதக் காட்சியே தப்பாக இருக்கும். ஒருமுறை முழுதாக ஏற்றிய பிறகு அளந்து பாருங்கள்.

கேள்வி: பழைய நிசான் லீஃப் மிக மலிவாக வருகிறது. வாங்கலாமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த லீஃபின் பேட்டரியைக் குளிர்விக்க திரவ ஏற்பாடு கிடையாது. அடுத்த தலைமுறையிலும் அப்படியே. வெப்பப் பகுதியில் ஓடிய லீஃப் சீக்கிரம் தேய்வதற்கும், நெடுஞ்சாலையில் இரண்டாவது முறை வேகச் சார்ஜ் போடும்போது மந்தமாவதற்கும் இதுதான் காரணம்.

டாஷ்போர்டில் பேட்டரி ஆரோக்கியத்துக்கு 12 கோடுகள் இருக்கும். முதல் கோடு மறைய ஏறக்குறைய 15 சதவீதம் தேய வேண்டும், அதற்குப் பின் ஒவ்வொன்றும் 6 சதவீதம் போல. ஆகவே 12 கோடு என்றால் 100 என்று அர்த்தமில்லை, 86-ஆகவும் இருக்கலாம். இதைவிட மோசம், பேட்டரிக் கணினியை ரீசெட் செய்து 12 கோடும் தெரிய வைக்கும் தில்லுமுல்லு. சில வாரங்கள் ஓடினால் கோடுகள் மறுபடி இறங்கிவிடும். அதற்குள் விற்றவர் போயிருப்பார். லீஃப்ஸ்பை செயலியில் எண்களைப் பார்ப்பதோடு, மேலே சொன்ன சார்ஜ் கணக்கையும் கட்டாயம் போடுங்கள்.

இதன் வேகச் சார்ஜ் முனை சாடெமோ. பல நாடுகளில் புதிய நிலையங்கள் அதை வைப்பதில்லை. ஊருக்குள் ஓட்ட இரண்டாவது வண்டியாக வாங்கலாம், ஒரே வண்டியாக வேண்டாம்.

ஐரோப்பாவில் விற்ற பழைய ரெனோ ஸோயி என்றால் பத்திரத்தைப் பாருங்கள். பலவற்றில் கார்தான் உரிமையாளருடையது, பேட்டரி மாத வாடகைக்கு. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கேள்வி: பேட்டரி தீப்பிடிக்கும் என்று ரீகால் செய்யப்பட்ட (சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைத்த) மாடலைத் தொடலாமா?

ரீகால் வேலை முடிந்திருந்தால் சில சமயம் அதுதான் நல்ல பேரம். ஷெவர்லே போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 முதல் 2022 வரையிலான எல்லா வண்டிகளும் ரீகாலுக்கு உள்ளாயின. ஒரே செல்லில் ஆனோடின் (எதிர்மின் தகட்டின்) முனை கிழிந்தும், தகடுகளைப் பிரித்து வைக்கும் செபரேட்டர் படலம் மடிந்தும் இருந்ததுதான் தீக்குக் காரணம். பேட்டரி மாற்றப்பட்ட வண்டிகளுக்குப் புதிதாக 8 ஆண்டு வாரன்டி கிடைத்தது. அதாவது கார் 2018, பேட்டரி 2022 என்று இருக்கலாம். ஆனால் பின்னாளில் சில வண்டிகளுக்குப் பேட்டரியை மாற்றாமல் கண்காணிப்பு மென்பொருளை மட்டும் ஏற்றினார்கள். "ரீகால் முடிந்தது" என்ற வார்த்தை போதாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, மாற்றியது பேட்டரியா மென்பொருளா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பேட்டரி தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

வண்டியை லிஃப்ட்டில் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். பேக்கின் தகட்டில் பள்ளம், தப்பான இடத்தில் ஜாக் வைத்த தடம், கூலன்ட் கசிந்த வெள்ளைப் படிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வேண்டவே வேண்டாம். உப்புநீர் என்றால் இன்னும் ஆபத்து: 2022-இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயன் புயலுக்குப் பின், கடல்நீர் புகுந்த எலெக்ட்ரிக் கார்கள் தீப்பிடித்தன.

ஏசி சார்ஜிங்கையும் டிசி சார்ஜிங்கையும் (நேர்திசை மின்சாரத்தில் நடக்கும் வேகச் சார்ஜ்) தனித்தனியே சோதியுங்கள். டிசியில் மின்சாரம் நேரே பேட்டரிக்குப் போவதால், வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் செத்திருந்தாலும் தெரியாது. மூன்று ஃபேஸில் 11 கிலோவாட் ஏற வேண்டிய வண்டியில் 7.4 மட்டும் ஏறினால், உள்ளே ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். வேறொரு சார்ஜரிலும் போட்டு உறுதிசெய்யுங்கள்.

ஏர்கண்டிஷனர் பல வண்டிகளில் பேட்டரியையும் குளிர்விக்கிறது. அதன் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால், மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய்தான் போட வேண்டும். பெட்ரோல் கார் பழக்கத்தில் பிஏஜி எண்ணெய் கலந்த காஸை ஏற்றிவிட்டால் இன்சுலேஷன் பழுது வந்து வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கம்ப்ரஸரோடு குழாய்களும் செலவு வைக்கும். காஸ் நிரப்பிய ரசீது இருந்தால் எங்கே நிரப்பினார்கள் என்று பாருங்கள்.

12 வோல்ட் பேட்டரி 4 வயதைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி அசையாது. பிரேக் டிஸ்க் தேயாது, துருப்பிடிக்கும். ரீஜெனரேஷனே, அதாவது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதே, வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. டயர் நேர்மாறு: எடையும் உடனடி இழுவையும் சேர்ந்து சீக்கிரம் தின்றுவிடும்.

கேள்வி: என் வண்டியை விற்கப் போகிறேன். நல்ல விலை வர என்ன செய்வது?

பேட்டரி பரிசோதனை அறிக்கை ஒன்றைத் தேதியோடு வாங்கி விளம்பரத்திலேயே போடுங்கள். சார்ஜிங் கேபிள், இரண்டு சாவி, ரீகால் வேலைகளின் ரசீது எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். கேபிள் காணவில்லை என்றாலே வாங்குபவர் பெரிய தொகையைக் குறைப்பார். விற்பனை முடியும்வரை சார்ஜை 50 முதல் 60 சதவீதத்தில் வைத்திருங்கள். பணம் கைக்கு வந்ததும் வண்டியின் செயலிக் கணக்கிலிருந்து வெளியேறி, உரிமையைப் புதியவர் பெயருக்கு மாற்றி, திரையில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். வாங்குகிறவரும் இதை எதிரில் நின்று செய்யச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழைய உரிமையாளரின் ஃபோன் அந்தக் காரைத் திறந்துகொண்டே இருக்கும்.