கல்லூரி ஃபுட்பாலில் இவ்வளவு பணம் புரள்கிறதே, என் மகனுக்கு எதை நம்புவது?

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸுக்குப் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர். சாக்கர் விளையாடிக்கொண்டிருந்தவனை கோச் பார்த்துவிட்டு இதற்குள் இழுத்துக்கொண்டார். நன்றாகவே உதைக்கிறான், படிப்பும் மோசமில்லை. போன மாதம் ஒருவர், தான் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கல்லூரியில் சேர்ந்ததும் லட்சக்கணக்கான டாலர் வாங்கித் தருகிறேன், அதில் 20 சதவீதம் எனக்கு, இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். என் கணவர், "பணக்காரக் கல்லூரிகள் ஆளை விலைக்கு வாங்கி ஜெயிக்கிற விளையாட்டு இது, நமக்கு வேண்டாம்" என்கிறார். மகனோ, "அப்பா, இப்போதுதான் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" என்று வாதாடுகிறான். வீட்டில் தினமும் இதே பேச்சு. யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்.லில் ஏஜென்ட் வேலை பார்க்க வீரர்கள் சங்கத்தின் சான்று வேண்டும். ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கவும் கூடாது. கல்லூரி வீரர்களின் ஏஜென்டுகளுக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது, அதனால்தான் 20 சதவீதம் என்று கூசாமல் கேட்க முடிகிறது. அதோடு, பள்ளி அணியில் இருக்கும்போதே ஏஜென்டோடு ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பையனுடைய பள்ளித் தகுதிக்கே ஆபத்து வரலாம். தாளைப் பள்ளி கோச்சிடம் காட்டுங்கள். பிறகு விளையாட்டு ஒப்பந்தம் தெரிந்த வக்கீல் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கும் அந்த மனிதர் பொறுக்கமாட்டேன் என்றால், போகட்டும்.

இனி உங்கள் வீட்டு விவாதத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் கணவருக்கு வந்த பயமும் வீண் பயம் இல்லை. ஆனால் அவர் பயப்பட வேண்டிய இடம் வேறு.

பணம் வந்து இந்த ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். பணம் எப்போதும் இருந்தது. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. வேலையை விட்டு அனுப்பியதற்கு மட்டும் அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 75 மில்லியன் டாலருக்கு மேல். தொலைக்காட்சிப் பணம், டிக்கெட் பணம், கோச் சம்பளம் எல்லாம் மலைபோல் குவிந்துகொண்டே இருந்தன. அடிபட்டு முட்டி உடைகிற பையனுக்கு மட்டும் ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்குமிடம், அவ்வளவுதான். எனக்கு இது கடைசிவரை நியாயமாகத் தோன்றியதே இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, டல்லாஸில், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. எஸ்.எம்.யூ. என்பார்கள். அங்கே பணக்கார ஆதரவாளர்கள் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது தெரியவந்ததும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 1987 சீசனையே ரத்து செய்தது. ரசிகர்கள் அதை மரண தண்டனை என்றே சொன்னார்கள். அந்த அணி தலைதூக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அதே கல்லூரி 2024இல் ஏ.சி.சி. என்ற பெரிய லீக்கில் சேர்ந்து, முதல் வருடமே தேசிய பிளேஆஃபுக்குப் போனது. அன்று குற்றமாக இருந்த காரியம் இன்று வெளிப்படையாகவே நடக்கிறது.

இடையில் நடந்தது இதுதான். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றியதுதான், ஆனால் அடித்தளம் ஆடிவிட்டது. அடுத்த மாதமே, ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. என்.ஐ.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கிட்டத்தட்ட அதே சமயத்தில், கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது. 2024இலிருந்து, படிப்பில் தகுதி இருந்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். பிறகு, வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாடு. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் அதை ஏற்றுக்கொண்டார். அதன்படி, ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் பகிர்ந்து கொடுக்கலாம். முதல் ஆண்டான 2025-26இல் அதன் வரம்பு 20.5 மில்லியன் டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகிறது.

போட்டிக்கு என்ன ஆனது? கோச் நிக் சேபன் காலத்து அலபாமாவை நினைத்துப் பாருங்கள். 2009இலிருந்து 2020க்குள் ஆறு தேசியப் பட்டங்கள். யாருக்கும் பணம் இல்லை என்ற காலத்தில்தான் இந்த ஏகபோகம் நடந்தது. பணம் தர முடியாதபோது பையன்கள் புகழையும், கோச்சையும், என்.எஃப்.எல்.லுக்குப் போகும் வாய்ப்பையும் பார்த்துத்தானே சேர்வார்கள்? அதனால் நல்ல வீரர்கள் எல்லாம் நாலைந்து இடங்களில் குவிந்தார்கள். மற்ற எந்த அணியிலும் முதல் ஆளாக ஆடக்கூடியவன் அங்கே மூன்றாவது ஆளாக பெஞ்சில் இருப்பான், கிளம்பிப் போகவும் வழியில்லை. பணமும் டிரான்ஸ்ஃபரும் சேர்ந்து உடைத்தது அந்த பெஞ்சைத்தான்.

2024 அக்டோபரில் வாண்டர்பில்ட், அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. வாண்டர்பில்ட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டியேகோ பாவியா, ஜூனியர் காலேஜில் தொடங்கி, நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக அங்கே வந்தவர். அப்புறம் இண்டியானா. கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் மிக அதிகமாகத் தோற்ற அணிகளில் ஒன்று. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார், தன் பழைய கல்லூரி வீரர்கள் பலரையும் கூட்டி வந்தார். கலிபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா மாறி வந்தார். 2025 சீசனில் 16 ஆட்டம், 16 வெற்றி, தேசியப் பட்டம். பெரிய கல்லூரிகள் அதிகம் கண்டுகொள்ளாத பையனாக இருந்த மெண்டோசாவுக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது. அதே வருடம் லபக்கில் உள்ள டெக்சாஸ் டெக், கோடி கேம்பெல் என்ற பழைய வீரரான எண்ணெய்த் தொழிலதிபரின் ஆதரவோடு வீரர்களைத் திரட்டி, முதன்முறையாக பிக் 12 என்ற லீக்கின் பட்டத்தை வென்றது. சீசன் தொடங்கும்போது முதலிடத்தில் இருந்த உங்கள் மாநிலத்தின் டெக்சாஸ் லாங்ஹார்ன்ஸ் அணி பிளேஆஃபுக்கே போகவில்லை. பையன் வாதாடுவதில் நியாயம் இருக்கிறது.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: பணம் கொட்டியவர்களும் ஜெயிக்கத்தான் செய்கிறார்கள். 2024 சீசனின் சாம்பியனான ஒஹையோ ஸ்டேட் அணிக்கு வீரர்கள் செலவு சுமார் 20 மில்லியன் டாலர் என்று அவர்கள் விளையாட்டு இயக்குநரே சொன்னார். மேலே இருக்கிற பத்துப் பதினைந்து அணிகள் இருபது முப்பதாகப் பெருகியிருக்கின்றன என்பதுதான் என் கணிப்பு. அதற்குக் கீழே இருப்பவர்கள் பாடுதான் எனக்கு வேதனை தருகிறது. கேம் வார்டின் கதையைப் பாருங்கள். டெக்சாஸ் பையன். சான் ஆன்டோனியோவின் இன்கார்னேட் வர்ட் என்ற சிறிய கல்லூரிதான் அவரை நம்பி எடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து மயாமி, பிறகு, தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் தேர்வு. அவருக்கு இது அருமையான பாதை. ஆனால் ஒரு சின்னக் கல்லூரி கண்டெடுத்து வளர்த்த வீரனை ஒவ்வொரு சீசன் முடிந்ததும் பெரியவன் தூக்கிக்கொண்டு போனால், அந்த ஊர் ரசிகன் யாருக்காகக் கைதட்டுவான்? வாஷிங்டன் ஸ்டேட், கேம் வார்டுக்கு அடுத்து ஜான் மடீரையும் ஓக்லஹோமாவிடம் இழந்தது. நீதிமன்றங்கள் வீரனுக்கு நியாயம் செய்துவிட்டன. இந்த அணிகளுக்கு நியாயம் செய்ய இன்னும் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

இப்போது உங்கள் மகன் விஷயம். கணவர் பயப்பட வேண்டிய இடம் என்றேனே, அது இதுதான். ஹவுஸ் உடன்பாட்டில் இணைந்த கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு மொத்தமே 105 பேர்தான். முன்பு 85 ஸ்காலர்ஷிப் என்று வரம்பு இருந்தாலும், ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாகச் சேர்ந்து உழைத்து மேலே வருகிற பையன்களுக்கு இடம் தாராளமாக இருந்தது. பல அணிகளில் 120 பேருக்கு மேல்கூட இருப்பார்கள். கிக்கர்களில் எத்தனையோ பேர் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான். அந்தக் கதவு இப்போது குறுகிவிட்டது. இன்னொன்று, கோச்சுகள் 17 வயதுப் பையனைச் சேர்த்து மூன்று வருடம் வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் இரண்டு சீசன் உதைத்துத் தேர்ந்த 21 வயதுக்காரனை எடுப்பதையே பாதுகாப்பாக நினைக்கிறார்கள். ஒரு அணிக்கு வேண்டியது ஓரிரு கிக்கர்கள். பெரும்பணம் முதலில் போவது குவார்ட்டர்பேக்குக்கு, பிறகு முன்வரிசையில் மோதும் லைன்மேனுக்கும் பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கும். பள்ளியிலிருந்து நேராகப் போகும் கிக்கருக்கு லட்சங்கள் என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால், எந்தக் கல்லூரி, யார் தருவது, எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாய்வார்த்தையை நம்பியவர்கள் பட்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸின் யூ.என்.எல்.வி. அணிக்கு மூன்று ஆட்டத்தில் மூன்று வெற்றி பெற்றுத் தந்த குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, சொன்ன பணம் வரவில்லை என்று பாதி சீசனில் விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாகப் பேசியிருந்தார்கள் என்பது அவர் தரப்பு. அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை என்பது கல்லூரித் தரப்பு. எழுத்து இல்லாததால் வந்த வினை.

ஆகவே பையனை ஆடவிடுங்கள், மனதார ஆதரியுங்கள். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது மட்டும், அவன் ஒரு நாள்கூடக் களத்தில் இறங்காவிட்டாலும் அந்தக் கல்லூரியில் அவன் விரும்பும் படிப்பு நன்றாக இருக்குமா என்று பாருங்கள். ஹவுஸ் உடன்பாட்டில் சேராத கல்லூரிகளுக்கு இந்த 105 வரம்பு கிடையாது. சிறிய லீக்குகள், டிவிஷன் இரண்டு, மூன்று கல்லூரிகள் எல்லாவற்றையும் பட்டியலில் வையுங்கள். கேம் வார்டு போலப் பிறகு மேலே போகும் வழி அவனுக்கும் திறந்தே இருக்கிறது. கோச்சைச் சந்திக்கும்போது நேராகக் கேளுங்கள்: இப்போது எத்தனை கிக்கர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் எத்தனை வருடம் பாக்கி, 105இல் இவனுக்கு இடம் உறுதியா, அடுத்த வருடம் போர்ட்டலிலிருந்து (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) ஒருவரை எடுத்தால் இவன் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும். கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், தினமும் பெற்றோர் கேட்கிற கேள்விகள்தான். என்றாவது பணம் வந்தால், அது வரி கட்ட வேண்டிய வருமானம். பெரும்பாலும் பிடித்தம் செய்யாமல் முழுதாகத்தான் கையில் வரும், மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள்.

இந்தச் சந்திப்புகளுக்குக் கணவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். கணக்குக் கேட்கிற ஆள் உங்களுக்கு அங்கே தேவை.