வீட்டு பிபி கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கும் அப்பாவுக்கு 67 வயது. வயலிலிருந்து வந்ததும் டிஜிட்டல் கருவியில் பிபி பார்ப்பார். முதலில் மேல் அளவு 158 காட்டும், அடுத்து 149, அப்புறம் 143. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால் 136/84. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்காது என்றே நினைக்கிறேன். முதலில், இரண்டும் அளக்கும் விதமே வேறு. நர்ஸ் பட்டையில் காற்றடித்துக் கையின் தமனியை அடைக்கிறார். பிறகு, மூடிய மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவது மாதிரி காற்றை இறக்குகிறார். ரத்தம் மறுபடி பாயும்போது கேட்கும் முதல் தட்டொலி மேல் அளவு. ஒலி அடங்கும் இடம் கீழ் அளவு. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்ன முறை இது. இதிலும் குறை உண்டு. காதால் கேட்பவர் எண்ணைத் தோராயமாக முழு எண்ணாக்கி எழுதிவிடலாம்; நோட்டில் எல்லா எண்ணும் பூஜ்யத்திலேயே முடிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்!

உங்கள் கருவி ஒலியைக் கேட்பதில்லை. நாடி துடிக்கும்போது பட்டைக்குள் எழும் சிறு அதிர்வுகளைத்தான் கவனிக்கிறது. அதிர்வு உச்சத்துக்குப் போகும் இடம் சராசரி ரத்த அழுத்தத்தை ஒட்டியது. திரையில் வரும் மேல், கீழ் எண்களோ அதிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தவை. அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. அதனால் ஒரே கையில் இரண்டு கருவிகள் வேறு வேறு எண் காட்டலாம். நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கும், தமனி விறைத்துப்போன முதியவர்களுக்கும் இந்தக் கணக்கு தடுமாறும்.

ஆனால் அப்பா விஷயத்தில் நேரம்தான் முதல் சந்தேகம். வேலை செய்த உடம்பு, வந்ததும் ஒரு காபி, வெற்றிலையோடு புகையிலை எல்லாமே அளவை ஏற்றும். அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் உட்காரட்டும். அளக்கும்போது ஆற்றில் தண்ணீர் வந்த கதையெல்லாம் வேண்டாம்; பேச்சும் எண்ணை ஏற்றும். பட்டை கட்டிய கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். 10 செ.மீ. தாழ்ந்தாலே 7, 8 புள்ளி கூடும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தாலும் கூடுதலாகவே காட்டும். மேற்கையின் நடுப்பகுதியை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுங்கள்.

ஏழு நாள் இப்படிச் செய்யுங்கள்: காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், அப்புறம் மாலையில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை. முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். அது 135/85-ஐத் தொட்டால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். வீட்டு அளவுக்கு எல்லை இதுதான், மருத்துவமனையில் பார்க்கும்போது வைக்கும் 140/90 அல்ல. போகும்போது கருவியையும் கொண்டுபோய், அதே கையில் நர்ஸை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று எது இருந்தாலும் மறுபடி அளந்து பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.