அப்பா ஏன் நிக்கானை விடமாட்டேன் என்கிறார்?

கேள்வி: ஐயா, அப்பா முப்பது வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவும், 50 மி.மீ., 80-200 ஏஎஃப்-டி லென்ஸ்களும் பீரோவில் இருக்கின்றன. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது டிஜிட்டல் கேமரா) வாங்கலாம் என்றால், 'நிக்கானைத் தவிர வேறெதுவும் வேண்டாம்' என்கிறார். எல்லாமே நன்றாகத்தானே படம் எடுக்கின்றன?

- மன்னார்குடி வாசகர்

பதில்: தம்பி, அப்பா பேசுவது கம்பெனிப் பெயரைப் பற்றி அல்ல, தன் கையைப் பற்றி. நான் கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுத்தே தலை நரைத்தவன். 'கெட்டிமேளம்' என்று குரல் வந்துவிட்டால் அப்புறம் குனிந்து கேமராவைப் பார்க்க நேரமில்லை. லென்ஸ் மாற்றுவதை விரல்தான் செய்ய வேண்டும். நிக்கான் லென்ஸை மாட்டக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்புவோம். மற்ற பல கம்பெனிகளுக்கு முள் போகும் பக்கம். திருவிடைமருதூரில் ஒரு முகூர்த்தத்துக்கு நண்பரின் வேறு கேமராவை எடுத்துப் போனேன். கை பழைய பக்கமே திருகியது. லென்ஸ் உட்காரவில்லை. தாலி ஏறிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று பீரோவில் இருக்கும் லென்ஸ்கள். 1959-இல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்த மவுண்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை, அடிப்படை அளவு மாறாமல் அறுபது வருஷம் காப்பாற்றினார்கள். அப்பாவின் 50 மி.மீ. லென்ஸ் நிக்கானின் டிஜிட்டல் கேமரா டி750-யிலும் உட்காரும். கேனன் வேறு வழி போனது. 1987-இல் அதன் ஈஓஎஸ் கேமரா வந்தபோது மவுண்ட்டையே மாற்றியது. பழைய எஃப்டி லென்ஸ்கள் பொருந்தாமல் போய், வைத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள். ஆனால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வைத்ததால் ஃபோகஸ் வேகம் பிடித்தது. விளையாட்டுப் படக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மைதான ஓரத்தில் வரிசையாகத் தெரியும் வெள்ளை லென்ஸ்களே கேனனின் முகமாகிவிட்டன. அதுவும் உழைத்துச் சம்பாதித்த பேர்தான்.

இப்போது உங்கள் விஷயம். 2018-இல் நிக்கானும் மிரர்லெஸ்ஸுக்காக இசட் என்ற புது மவுண்ட்டுக்கு மாறிவிட்டது. பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் 80-200 பொருந்தும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வராது. அந்த லென்ஸை ஓட்டும் மோட்டார் பழைய கேமராக்களின் உடம்பில் இருந்தது, அடாப்டரில் இல்லை. இதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 80-200-ஐ விட மனமில்லை என்றால் அந்த மோட்டார் உடம்பிலேயே உள்ள டி750-ஐ செகண்ட்ஹேண்டில் நல்லதாகத் தேடுங்கள். மிரர்லெஸ்தான் என்றால் அவரைக் கடைக்கு அழைத்துப் போய், இரண்டு மூன்று கேமராக்களைக் கையில் கொடுத்து, பேசாமல் நில்லுங்கள்.

எது வாங்கினாலும், ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த லென்ஸ்களைப் பீரோவிலிருந்து எடுத்து, காற்றுப்புகாத டப்பாவில் புது சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நம் பக்கத்து ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.