கொசு ஆராய்ச்சி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். கொசுவின் உடலியல், நடத்தை இரண்டும்தான் என் வேலை. எங்கள் கூண்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஏடிஸ் எகிப்தி, அதாவது டெங்கு பரப்பும் வரிக்கால் கொசு. கேட்க நினைப்பதைக் கேளுங்கள்.

தேனிக்காரன்: நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் என்னைத்தான் தேடி வந்து கடிக்கிறது. 'ஓ பாசிட்டிவ்' என்பதாலா மேடம்?

ரத்த வகைக்கு வலுவான ஆதாரம் இல்லை. தோலின் வாசம்தான் முக்கியம். நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஷால் குழு, ஆட்களின் முன்கையில் நைலான் உறை மாட்டி, பிறகு அந்த உறைகளை இரண்டிரண்டாகக் கொசுக்களுக்கு முன் வைத்துப் பார்த்தது. 2022-இல் வெளியான முடிவுப்படி, 33-ஆம் எண்காரரின் வாசத்துக்கு 19-ஆம் எண்காரரைவிட நூறு மடங்கு கவர்ச்சி! அதிகம் கடி வாங்குகிறவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் என்ற வாசப் பொருள்கள் கூடுதலாக இருந்தன. வருஷங்கள் கழித்துப் பார்த்தபோதும் அவர்கள் நிலை மாறவில்லை. உங்களுக்கு ஆறுதல் சொல்ல வழியில்லை.

டீச்சரம்மா: அப்போ கொசுவுக்கு மோப்ப சக்தியைப் பறித்துவிட்டால் தீர்ந்ததா?

அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. வாசம் அறிய உதவும் ஆர்கோ என்ற மரபணுவை முடக்கிய ஏடிஸ் பற்றிய ஆய்வு 2013-இல் வந்தது. மனிதரா விலங்கா என்று பிரித்தறிவதில் அவை தடுமாறின. ஆனால் கொஞ்சம் கரியமில வாயு சேர்ந்ததும் நேராக மனிதரிடம் வந்தன! நம் மூச்சை உணர அவற்றுக்குத் தனி உறுப்பு, வியர்வையின் லாக்டிக் அமிலத்துக்குத் தனி ஏற்பி. 2024-இல் அமெரிக்காவின் சாண்டா பார்பரா கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது வெப்பக் கதிரைச், சுமார் 70 செ.மீ. தூரத்திலிருந்தே உணர்கிறது, உணர்கொம்பின் நுனியால். கண்ணும் சும்மா இல்லை. கரியமில வாயுவை முகர்ந்தபின் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறக்கிறது. பச்சை, வெள்ளையைக் கண்டுகொள்வதில்லை. ஒரு வழியை அடைத்தால் அடுத்த வழி திறந்திருக்கிறது. ஒரே மருந்தில் தீர்வு தேடுகிறவர்களை இதுதான் திணறடிக்கிறது.

யாழ்ப்பாணத்தான்: ஒலி எழுப்பி நுளம்பை விரட்டும் கருவி விற்கினம். வாங்கலாமோ?

வேண்டாம். கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கடி குறையவே இல்லை. ஒலி அவற்றுக்குக் காதல் விஷயம். பெண்ணின் இறகொலி சுமார் 400 ஹெர்ட்ஸ், ஆணுடையது 600. இணை சேரும்போது இருவரும் இறகடிப்பைச் சரிசெய்து, இரண்டுக்கும் பொதுவான மடங்கான 1200-இல் (400-இன் மூன்று மடங்கு, 600-இன் இரண்டு மடங்கு) ஒத்துப்போகிறார்கள் என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2009-இல் சொன்னது.

சும்மா கேட்டேன்: ஆய்வகக் கொசுவுக்கு உங்கள் ரத்தமா?

இல்லை சார். சூடாக்கிய ரத்தத்தை மெல்லிய சவ்வுக்குப் பின்னால் வைத்தால் குத்திக் குடித்துக்கொள்ளும். அதுவும் முட்டை வைக்கப் பெண்ணுக்கு மட்டும். மற்றபடி இரு பாலுக்கும் சர்க்கரைத் தண்ணீர், புழுக்களுக்கு நாய் பிஸ்கட் தூளும் ஈஸ்ட்டும். ஈர வடிதாளில் இட்ட ஏடிஸ் முட்டைகளை உலர்த்தி மாதக்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது தண்ணீரில் போட்டால் பொரியும். வீட்டு டிரம்மிலும் இதேதான் நடக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் போதாது, உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

பயந்தாங்கொள்ளி: எய்ட்ஸ் பரவுமா?

பரவாது. அந்த வைரஸ் கொசுவின் குடலிலேயே செரிமானமாகிவிடும். நம் உடம்புக்குள் கொசு செலுத்துவது உமிழ்நீரை மட்டுமே, அதற்குக் குழாயும் தனி.

குட்டி_விஞ்ஞானி: கையை வீசி அடித்தால் ஞாபகம் வைத்திருக்குமா அக்கா?

வைத்திருக்கும்! அடிக்கும்போது ஏற்படும் அதிர்வையும் அந்த ஆளின் வாசத்தையும் ஏடிஸ் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. 2018-இல் வந்த ஆய்வு. மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் இல்லாவிட்டால் அந்தப் பாடம் ஏறுவதில்லை. அதனால் தைரியமாக வீசு, குறி தவறினாலும் பரவாயில்லை. இதையே படிக்க ஆசை இருந்தால், புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. அங்கேயே உண்டு.