பாக்தாதில் வைத்தியர்களுக்குப் பரீட்சை: கேள்வி பதில்

கேள்வி: ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பாக்தாதில் டாக்டர்களுக்கு லைசென்ஸ் தேர்வு இருந்ததாக வாட்ஸப்பில் சுற்றுகிறதே, உண்மையா?

பதில்: நடந்தது உண்மை. வாட்ஸப் அதை ஊதிப் பெரிதாக்குவதும் உண்மை. கி.பி. 931இல் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். விஷயம் பேரரசை ஆண்ட கலீஃபா முக்ததிரின் காதுக்கு எட்டியது. சினான் இப்னு சாபித் என்ற அரண்மனை வைத்தியர் சோதித்து அனுமதிக்காத யாரும் தொழில் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். பாக்தாதில் மட்டும் 860க்கும் அதிகமானோர் சோதனைக்கு வந்ததாகப் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பெயர்பெற்ற வைத்தியர்களுக்கு விலக்கு உண்டு. ஒரு சாவு கிளப்பிய பரபரப்பில் வந்த உத்தரவு இது. வருஷா வருஷம் நடந்த தேர்வு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சினான் யாரையாவது ஃபெயில் ஆக்கினாரா?

பதில்: அதைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. கம்பீரமான பெரியவர் ஒருவர் வந்தார். சினானும் மரியாதையாக உட்காரவைத்து, யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். பெரியவர் தங்கக் காசுகளை எடுத்து முன்னால் வைத்தார். எனக்கு எழுதப் படிக்கவே சரியாக வராது, குடும்பம் இருக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். சினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: தெரியாத நோயில் கை வைக்கக்கூடாது; சாதாரண நோய்க்குத் தவிர ரத்தம் எடுப்பதோ பேதிக்குக் கொடுப்பதோ கூடாது. வாழ்நாள் முழுக்க சர்பத்தைத் தாண்டியதே இல்லை என்றார் பெரியவர்! மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். ஆசான் யார் என்றால், நேற்று வந்தாரே, அவர்தான் என் அப்பா என்றான். அதே நிபந்தனையோடு அவனுக்கும் அனுமதி. பரீட்சையின் நோக்கமே ஆபத்தான கையைத் தடுப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அப்படியானால் முறையான படிப்பு எங்கே நடந்தது?

பதில்: ஆசானிடம். அந்த ஆசான் அப்பாவாகவோ மாமாவாகவோகூட இருப்பார். மாணவன் நூலை வரிவரியாக வாசிப்பான், அவர் விளக்குவார். பாக்தாத் வைத்தியரும் மொழிபெயர்ப்பாளருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கேள்வி பதிலாகவே எழுதிய பாடநூல் தொடக்கத்துக்கு. பிறகு பண்டைய கிரேக்க வைத்தியர் கேலனின் நூல்கள். அப்புறம் மருத்துவமனை. டமாஸ்கஸில் 1154இல் எழுந்த நூரி மருத்துவமனையில், தலைமை வைத்தியர் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து கூடத்தில் உட்காருவார். மாணவர்களும் மற்ற வைத்தியர்களும் சூழ்ந்துகொள்ள, மணிக்கணக்கில் நூல்களை வைத்து விவாதம் நடக்கும். பாரசீக வைத்தியர் அல்-ராஸியிடம் இன்னொரு முறை: நோயாளி முதலில் வெளிவட்ட மாணவர்களிடம் சொல்வார், அவர்களுக்குத் தெரியாவிட்டால் உள்வட்டம், கடைசியில்தான் அவர்.

கேள்வி: ஆசானே இல்லாமல் புத்தகம் படித்து வைத்தியர் ஆக முடியாதா?

பதில்: கெய்ரோவின் இப்னு ரித்வான் ஆனார், எகிப்தின் தலைமை வைத்தியராகவே உயர்ந்தார். பாக்தாதிலிருந்து வந்த இப்னு புத்லான் அதை ஏற்கவில்லை. 1050 வாக்கில் இருவரும் ஒருவரையொருவர் மறுத்து மாறி மாறி எழுதித் தீர்த்தார்கள்.

கேள்வி: கண் வைத்தியர்களுக்கும் பரீட்சை உண்டா?

பதில்: அது முஹ்தஸிப் பொறுப்பு. எடைக்கல்லைச் சோதிக்கும் அதே சந்தைக் கண்காணிப்பாளர்தான். கண்ணைப் பற்றி ஹுனைன் எழுதிய பத்துக் கட்டுரைகளில் கேள்வி கேட்டு, கண்ணின் அடுக்குகளும் நோய்களும் தெரிந்தவரை மட்டும் அனுமதிக்கவேண்டும் என்கின்றன முஹ்தஸிப்புக்காக எழுதப்பட்ட 12ஆம் நூற்றாண்டு முதலான கையேடுகள். தெருத்தெருவாகத் திரியும் கண் வைத்தியரை நம்பவே கூடாதாம்.