கோட்டு அணிந்த ஃபாடோ

கேள்வி: போர்த்துகல் தலைநகர் லிஸ்பனின் சாவோ லூயிஸ் நாடக அரங்கில், ஃபாடோ என்னும் போர்த்துகீசியப் பாட்டு வகையைப் பாடும் கமானேயின் கச்சேரி ஒளிப்பதிவைப் பார்த்தேன். சாராயக் கடைகளில் ஏழைகள் அழுது பாடிய பாட்டை, மேட்டுக்குடி அரங்கில் கோட்டு அணிந்து சிலைபோல் நின்று பாடுவது போலித்தனம் இல்லையா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. ஃபாடோ, லிஸ்பனின் மௌராரியா, அல்ஃபாமா போன்ற எளியவர்களின் குடியிருப்புகளில் 19-ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட பாட்டு என்பதில் உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அது மேடையேறியது நேற்று நடந்த காரியம் அன்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே ரெவிஷ்டா எனப்படும் நையாண்டி இசைநாடகக்காரர்கள் ஃபாடோவைச் சுவீகரித்துக்கொண்டார்கள். நீங்கள் குறை சொல்லும் சாவோ லூயிஸ் அரங்கோ 1894-இல் அரசி அமேலியாவின் பெயரில் திறக்கப்பட்டது (1914-இல் தீக்கிரையாகி மறுபடியும் எழுந்தது). ஜூலியோ டான்டாஸ் எழுதிய 'செவேரா' நாடகம் 1901-இல் முதன்முதலாக நடிக்கப்பட்டது அங்கேதான். அதன் நாயகி வேறு யாருமல்லள், மௌராரியாவில் பாடித் திரிந்து, ஒரு பிரபுவின் காதலுக்கு ஆளாகி, 1846-இல் இருபத்தாறு வயதில் மாண்டுபோன ஃபாடோ பாடகி மரியா செவேரா. ஆகவே கமானே ஒன்றும் அடுத்தவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்துவிடவில்லை.

சாராயக் கடைக்கு வருவோம். சுற்றுலாப் பயணிகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டபடி கேட்டுவிட்டு, 'அசல்' என்று மெச்சித் திரும்புகிற ஃபாடோ விடுதி என்னும் ஏற்பாடு, 1927-க்குப் பிறகுதான் பெருமளவில் உருப்பெற்றது. அந்த ஆண்டு ராணுவ ஆட்சி பிறப்பித்த ஆணை, பாடுகிறவரைத் தொழில் உரிமம் வாங்க வைத்தது; பாட்டின் வரிகளை முன்கூட்டியே தணிக்கைக்கு அனுப்ப வைத்தது. தெருவில் தன்போக்கில் திரிந்த பாட்டு இப்படித்தான் நிரந்தரமாகக் கூரைக்குள் வந்தது. அரங்கு போலி, விடுதி அசல் என்று பிரிக்கிறவர்கள் இந்த வரலாற்றை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. போகட்டும், கமானே அந்த விடுதிகளிலும் ஆண்டுக்கணக்கில் பாடித் தேறியவர்தான். லிஸ்பனின் 'ஃபாடோவின் பெரிய இரவு' போட்டியில் 1979-இல், சிறுவனாக இருந்தபோதே வென்றவர்.

அழவில்லை, அசையவில்லை என்பதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். மரபான ஃபாடோவில் மெட்டுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அதே மெட்டில் வெவ்வேறு கவிதைகளைப் பாடுவார்கள். மெட்டு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், எந்தச் சொல்லை இழுப்பது, எதை விழுங்குவது, தாளத்துக்கு எவ்வளவு பிந்தி வருவது என்பதில்தான் பாடகர் தம்மைக் காட்டியாக வேண்டும். பன்னிரண்டு உலோகத் தந்திகள் கொண்ட போர்த்துகீசிய கித்தாரை நகப்பூண் மாட்டிய விரல்களால் மீட்டுகிறவர், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிக்குள் ஒரு பதிலைச் சொல்லி முடித்துவிட வேண்டும். இந்தக் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது கையை வீசி, முகத்தைக் கோணி அழுகிறவர், கேட்பவரின் காதைத் தாமே திருப்பிவிடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு கமானே ஆடாமல் நிற்பது சொல்லுக்கு இடம் விடுவதற்காக.

இன்னொன்று: அவருடைய இசைத்தட்டுகள் பலவற்றைத் தயாரித்தவர் ஜோசே மாரியோ பிராங்கோ. போர்த்துகலின் சர்வாதிகாரத்தை எதிர்த்துப் பாரிஸில் அஞ்ஞாதவாசம் இருந்த இடதுசாரிப் பாடகர் அவர். மேட்டுக்குடிக்காகப் பாட்டைச் சலவை செய்து தருகிற ஆள் என்று அவர்மேல் யாரும் பழி சொன்னதில்லை; நீங்கள் வேண்டுமானால் முதல் ஆளாகச் சொல்லிப் பாருங்கள்.

அந்த ஒளிப்பதிவை இன்னொரு முறை, படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பத்தியின் கடைசி வரிகளை அவர் திரும்பப் பாடும் இடங்களில், முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் என்ன மாறியது என்று மட்டும் கவனியுங்கள். மாற்றம் எதுவும் காதில் விழவில்லையென்றால் மறுபடியும் எழுதுங்கள், கோட்டைப் பற்றிப் பேசலாம்.